பாவித்த ஓட்டோ ஒன்றைக் குடும்பத்துக்கு வாங்குவது எப்படி: கொழும்பில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பாவித்த ஓட்டோ பார்க்கப் போகும் அநேகம் பேர் முதலில் செய்வது, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பது. எஞ்சினைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன் நான். இந்த ஊரில் ஓட்டோ எஞ்சின் அளவுக்குச் சுலபமாகத் திருத்தக்கூடியது வேறொன்றும் இல்லை. பஞ்சிகாவத்தைக்குப் போனால் பிஸ்டனில் இருந்து கிளட்ச் தட்டு வரைக்கும் வாங்கலாம், அதைப் பூட்டித் தர ஒழுங்கைக்கு ஒரு கராஜ் இருக்கிறது. அடித்தகடு உக்கின வண்டியும் புக்கில், அதாவது பதிவுச் சான்றிதழில், சிக்கல் உள்ள வண்டியும் அப்படியில்லை, எந்த மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனாலும் சரிவராது. அதனால் முதலில் தேவை, பிறகு புக், பிறகு பொடி என்கிற வண்டியின் உடற்பகுதி, அதற்குப் பிறகுதான் எஞ்சின்.

ஹயர் ஓட, அதாவது காசுக்கு ஆள் ஏற்றி ஓட, வாங்குகிறவர்களுக்கு இது எழுதப்படவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக, சந்தைக்குப் போய்வர என்று வீட்டோடு ஒரு வண்டி வைத்திருக்க நினைப்பவர்களுக்கு. பின் சீட்டில் பிள்ளை இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

படி 1: உங்கள் வீட்டுக்கு ஓட்டோ பொருந்துமா

சாரதியைத் தவிர 3 பேர், சட்டம் அவ்வளவுதான். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் சரி. அதோடு மாமியும் வருவார், இன்னொரு பிள்ளையும் இருக்கிறது என்றால் ஓட்டோவை விட்டுவிட்டு வேறு வண்டி யோசியுங்கள், மடியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று வாங்காதீர்கள். அதிவேகப் பாதையில் ஓட்டோவை விடமாட்டார்கள், கட்டுநாயக்கா போவதென்றாலும் பழைய நீர்கொழும்பு வீதியால்தான் போக வேண்டும். யாழ்ப்பாணம், நுவரெலியா என்று தூரப் பயணத்துக்கு வாங்குவதாக இருந்தாலும் இது ஏற்ற வண்டி இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தை, வத்தளையில் இருந்து ஆமர் வீதி, இந்த மாதிரி ஓட்டத்துக்கு இதைப்போல வசதி வேறில்லை.

அடுத்தது நிறுத்தும் இடம். வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடியில் இருக்கிறவர்கள் வண்டி வாங்கிய பிறகுதான் பார்க்கிங் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். கூரைக்குக் கீழே இடம் இல்லை, இரவில் ஒழுங்கையில்தான் நிற்கும் என்றால் ஹூட் துணி சீக்கிரம் போய்விடும், மழைத் தண்ணீர் தரைக்குள் இறங்கிக் கறள் பிடிக்கும். வாடகைக்காவது ஒரு கூரை பிடித்துவிட்டு வண்டி தேடுங்கள்.

யார் ஓட்டப் போகிறார்கள்? முச்சக்கர வண்டிக்கான பீ 1 வகுப்பு உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் மட்டும் ஓட்டிப் பழகினவருக்கு ஓட்டோ திரும்புகிற விதம் புதிது, சாய்த்துத் திருப்ப முடியாது, வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் எழும்பும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பேரும் பழகிவிட்டு வாங்குவது நல்லது.

படி 2: எந்த வண்டி

ரோட்டில் ஓடுவதில் பெரும்பங்கு பஜாஜ் ஆர்.ஈ. ரீ.வீ.எஸ் கிங், பியாஜியோ ஆப்பே இரண்டும் நல்ல வண்டிகள்தான், ஆனால் குடும்பத்துக்கு, அதுவும் முதல்முறை வாங்குகிறவருக்கு, பஜாஜ் 4-ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன். எந்த ஊரில் நின்றாலும் அதற்குப் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் எஞ்சின் தெரியும், திரும்ப விற்கும்போதும் ஆள் தேட வேண்டியதில்லை.

பழைய 2-ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் விலைக்கு வருகின்றன, விலையும் குறைவு. வாங்காதீர்கள். 2008-இல் இருந்து அவற்றின் இறக்குமதிக்குத் தடை, ஆகவே மிகப் புதியது என்று வருவதே பதினைந்து வருடத்தைத் தாண்டியது. பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எரிவதால் வருகிற புகையில் ஒரு பங்கு பின் சீட்டில் இருக்கிற பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும்.

ஆண்டைப் பற்றி ஒரு விஷயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் கிட்டத்தட்ட 5 வருடத்துக்குப் புது வண்டி இறக்குமதியாகவில்லை. அதனால் பாவித்த சந்தையில் 2020-க்கு முந்திய வண்டிகள்தான் நிறைய. அவற்றில் பல, சாதாரண காலமாக இருந்தால் மாற்றியிருப்பார்கள், மாற்ற முடியாமல் இழுத்து இழுத்து ஓட்டின வண்டிகள். நம்பர் பிளேட்டைப் பார்த்தே வயதை ஓரளவு ஊகிக்கலாம்: மூன்று ஆங்கில எழுத்து உள்ளது இரண்டெழுத்து உள்ளதை விடப் புதியது, எழுத்தே இல்லாமல் நடுவில் கோடு போட்ட எண்கள் 2000-க்கு முந்தியவை. ஆனால் முடிவு செய்வது புக்கில் இருக்கும் தயாரித்த ஆண்டை வைத்து. பதிந்த ஆண்டைச் சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், புக்கில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், தயாரித்த ஆண்டைத்தான் பாருங்கள்.

படி 3: போனில் கேட்க வேண்டியது

இக்மன், ரியசெவன இரண்டு இணையத்தளங்களிலும் விளம்பரம் பாருங்கள், அதோடு உங்கள் பகுதி ஓட்டோ பார்க்கில் இருக்கிற அண்ணன்மாரிடமும் சொல்லி வையுங்கள். விளம்பரத்துக்கு வராமலேயே கைமாறுகிற நல்ல வண்டிகள் இருக்கின்றன, யாருடைய வண்டி எப்படி ஓடியது என்று பார்க்கில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

போனில் சுற்றி வளைக்க வேண்டாம், நேராகக் கேளுங்கள். "நானா, புக் கையில இருக்கா, லீசிங்கில இருக்கா?" "உங்கட பேரிலதான் இருக்கா?" "நீங்களே ஓடினதா, நாள் வாடகைக்குக் குடுத்ததா?" இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ஹயர் ஓடின வண்டி என்றால் உடனே வேண்டாம் என்று வைத்துவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, அது சரியில்லை. சொந்த வண்டியில் தானே ஹயர் ஓடின ஒருவர், அதுதான் தன் சோறு என்பதால், ஒயிலைத் தவறாமல் மாற்றியிருப்பார், சின்னச் சத்தம் வந்தாலும் கராஜுக்குப் போயிருப்பார். அந்த வண்டி, எப்போதாவது எடுத்துவிட்டு மாதக்கணக்கில் மழையில் நிறுத்தி வைத்த பிரைவேட் வண்டியை விட நல்ல நிலையில் இருக்கக்கூடும். விலகி நிற்க வேண்டியது நாள் வாடகைக்கு விட்ட வண்டிக்கு. காலையில் ஒருவர், இரவில் இன்னொருவர் ஓட்டுவார், பழுதுச் செலவு யாருடையது என்ற வாக்குவாதத்திலேயே வண்டி தேய்ந்திருக்கும்.

பிரைவேட் வண்டி என்று சொல்லி ஹயர் வண்டியை விற்பதும் நடக்கிறது. டாஷ்போர்டைப் பாருங்கள், மீட்டர் பூட்டின ஸ்க்ரூ ஓட்டைகள், போன் ஹோல்டர் இருந்த அடையாளம், வயர் வெட்டி விட்ட நுனி, கண்ணாடியில் ஸ்டிக்கர் உரித்த பசை, இவை எங்கும் போகாது. கிலோமீட்டர் மீட்டரை நான் நம்புவதில்லை, கேபிளைக் கழற்றி விட்டால் அது நின்றுவிடும். பிரேக் பெடலின் ரப்பர், கைப்பிடி, சாரதி கால் வைக்கும் தரை, இவற்றின் தேய்மானம் சொல்வதைத்தான் நம்புவேன். ஆனால் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.

படி 4: புக்

நேரில் போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், ஆறட்டும். தொட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். புக்கைக் கேளுங்கள். போட்டோக் கொப்பியைக் காட்டினால் மூலப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

பதிவுச் சான்றிதழில் பார்க்க வேண்டியவை: தற்போதைய உரிமையாளரின் பெயர், அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் ஏதும் இருக்கிறதா, எஞ்சின் நம்பர், சசி (அடிச்சட்டம்) நம்பர், நிறம், எரிபொருள், முந்திய உரிமையாளர் விபரம். சசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் உங்கள் கண்ணாலேயே வண்டியில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் பழந்துணியும் கொஞ்சம் பெற்றோலும் போதும், விற்கிறவர் "அது சரியாத்தான் இருக்கு தம்பி" என்றாலும் துடைத்துப் பாருங்கள். எழுத்துகள் சமமில்லாமல் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் தேய்த்த அடையாளமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால், அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அது புக்கிலும் மாற்றப்பட்டிருக்க வேண்டும், நிறம் மாற்றியதும் அப்படித்தான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வண்டி இலக்கத்தைக் கொடுத்தாலும் அடிப்படை விபரங்கள் வரும், வீட்டில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகலாம். மனத்துக்குச் சரிப்படவில்லை என்றால் நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள், ஒரு காலை நேரம் போகும், போகட்டும்.

ஓப்பன் பேப்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புக் ஒருவர் பெயரில் இருக்கும், அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றப் படிவமும் அடையாள அட்டைக் கொப்பியும் வண்டியோடு சுற்றும், இடையில் இரண்டு மூன்று பேர் தங்கள் பெயருக்கு மாற்றாமலேயே வாங்கி விற்றிருப்பார்கள். நம் ஆட்களின் வண்டிகளில் இது இன்னும் சிக்கலாவதற்குக் காரணம், புக்கில் இருக்கிறவர் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். கையெழுத்து ஒத்துவரவில்லை, கொப்பி தெளிவில்லை என்று திணைக்களத்தில் திருப்பி அனுப்பினால் யாரைப் போய்ப் பிடிப்பது? புக்கில் உள்ளவர் இறந்திருந்தால் விஷயம் வாரிசுப் பத்திரங்கள் வரைக்கும் போகும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், புக்கில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போட முடியாத வண்டி குடும்பத்துக்கு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

லீசிங்கில் இருக்கிற வண்டி என்றால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மீதிக் காசை விற்கிறவர் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு பேருமாக லீசிங் கம்பனிக்குப் போய், முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, நேராக அங்கே கட்டி, உரிமை விடுவிக்கும் கடிதத்தை எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெவனியூ லைசென்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றின் திகதிகளையும் பாருங்கள். ரெவனியூ லைசென்ஸ் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் நிலுவையையும் தண்டப்பணத்தையும் யாரோ கட்டியாக வேண்டும், அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

படி 5: பொடி

அதிக நேரம் இங்கே செலவழியுங்கள். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது, வண்டி காய்ந்திருக்கும்போது. இரவில் வந்து பாருங்கள் என்றால் போகாதீர்கள்.

சாரதி கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். அது ஒட்டியிருந்தாலும் தூக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் நின்று தகடு உக்குவது அங்கேதான். பெருவிரலால் அழுத்தும்போது தகடு உள்ளே போய் வந்தால், அல்லது கறள் செதில் செதிலாகக் கழன்றால், அந்தத் தரை போய்விட்டது. பிறகு பற்றரி வைக்கும் இடம். அமிலம் சிந்திச் சிந்தி அங்கே தகடு அரித்திருக்கும். பின் சீட்டைக் கழற்றிக் கீழே பாருங்கள், எஞ்சின் தொங்குகிற பகுதியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா பாருங்கள். முன் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உட்பக்கம், கையை விட்டுத் தடவினால் தெரியும்.

வண்டிக்குக் கீழே புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பதற்கு முந்திய வாரம் யாரும் நல்லெண்ணத்தில் அதை அடிப்பதில்லை. ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல தகடு கணீரென்று கேட்கும், உக்கினது மந்தமாகக் கேட்கும். பட்டி வைத்து மறைத்த இடத்தைப் பிடிக்கச் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது.

கடலோரம் நின்ற வண்டிகளை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள். மரைன் டிரைவ், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகள், மட்டக்குளி, இங்கெல்லாம் உப்புக் காற்று பெயின்ட்டுக்கு அடியில் போய் வேலை செய்யும். மேலே பளபளப்பாக இருக்கும், கதவுக் கம்பியின் அடிப்பகுதியும் போல்ட் தலைகளும்தான் காட்டிக் கொடுக்கும்.

விபத்தில் புரண்ட வண்டியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது, காசும் செலவில்லை. சீமெந்துத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை அகலமாக ஊற்றிவிட்டு, மழை விட்ட நேரம் என்றால் தேங்கிய தண்ணீரே போதும், ஹேண்டிலை நேராகப் பிடித்து மெதுவாக அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். காய்ந்த தரையில் மூன்று ஈரக்கோடுகள் விழும். முன் சக்கரத்தின் கோடு பின் சக்கரக் கோடுகள் இரண்டுக்கும் சரி நடுவில் இருக்க வேண்டும். உங்கள் பாதத்தால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முன் போர்க்கோ சசியோ வளைந்திருக்கிறது. காய்வதற்குள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விலை பேசும்போது உதவும், பெரிய வித்தியாசம் என்றால் விலை பேசவே வேண்டாம். அதோடு, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று கூரைக் கம்பி இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்காகப் பார்க்க வேண்டியவை: வலப்பக்கக் கம்பி உறுதியாக இருக்கிறதா, பின் சீட்டு ஆடுகிறதா, பிடித்துக்கொள்ளும் கம்பி தளர்ந்திருக்கிறதா, உள்ளே கூரான தகட்டு விளிம்பு எங்காவது நீட்டிக்கொண்டிருக்கிறதா. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் நோவு உள்ள அம்மாவால் ஏற முடியாத வண்டியை வாங்கி என்ன செய்வது?

வெள்ளத்தில் நின்ற வண்டி

2016 மே வெள்ளத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோதும் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கங்களில் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அதை மறைக்காமல் சொல்லி, திருத்தின பில்லையும் காட்டுகிறவரிடம் குறைந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. மறைத்து விற்கிறதைத்தான் பிடிக்க வேண்டும். ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே மண் கோடு, மீட்டருக்குள் ஆவி, சீட்டுப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனால் வருகிற சேற்று வாடை, வயர் இணைப்புகளைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூச்சு. எஞ்சின் ஒயில் பால்கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வயரிங் முழுதும் மாற்றாமல் விட்ட வெள்ள வண்டி, ஏதோவொரு மழை நாளில் நடு ரோட்டில் நின்றே தீரும்.

படி 6: இப்போது எஞ்சின்

ஆறிவிட்டதா என்று திரும்பத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். ஸ்டார்ட் ஆன அந்தக் கணத்தில் மட்டும் ஒரு துளி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் தேய்மானம், தாங்கலாம், விலையில் பேசலாம். எக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க நீலமாகவே வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன, எஞ்சின் வேலை செய்ய வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அதிகம் போகிறது. காற்று பில்டரோ காபரேட்டரோ, சின்ன வேலை. ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், தார் போலக் கட்டியிருந்தால் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

சும்மா நின்று ஓடும்போது ஐந்து நிமிடம் பேசாமல் கேளுங்கள். சீரான சத்தத்துக்கு நடுவே இரும்பு தட்டுகிற சத்தம் வந்து, எஞ்சின் சூடாகியும் போகாவிட்டால், உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள். 2022-இல் பெற்றோல் கிடைக்காமல் கிடந்தபோது, கியூ.ஆர் முறையில் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில், மண்ணெண்ணெய் கலந்து ஓடின வண்டிகளும் உண்டு. அந்தக் காலத்தில் இந்த வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள், அநேகம் பேர் மனம்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

மெக்கானிக் விஷயத்தில் ஒன்று. விற்கிறவருக்குத் தெரிந்த பாஸ் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர் வேண்டும், அவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். கொமிஷனுக்கு வருகிறவரின் கண்ணுக்குக் குறை தெரியாது.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

கொழும்பு தட்டையான ஊர், சமதரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் விவேகானந்தா மேட்டில் ஏற்றுங்கள், மற்ற இடங்களில் ஏதாவது மேம்பாலம் போதும். மூன்று பேரைப் பின்னால் இருத்திக்கொண்டு ஏற்றுங்கள், தனியாக ஏற்றிப் பார்ப்பதில் பயனில்லை. எஞ்சின் சத்தம் கூடுகிறது, வண்டி கூடுதலாகப் போகவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. நான்கு கியரும் இடக்கைப் பிடியில் தடங்கலில்லாமல் விழ வேண்டும், நியூட்ரல் உடனே கிடைக்க வேண்டும், ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள், அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கியர் விழ மறுப்பது பெரும்பாலும் கேபிள் நீண்டதால், சின்னச் செலவு. விழுந்த கியர் தானாகக் கழன்றால் கியர்பெட்டியைத் திறக்க வேண்டும், பெரிய செலவு.

நேர்ப்பாதையில் கைப்பிடியை லேசாகத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா? பெடலை அழுத்திப் பிடித்தபடி முப்பது வரை எண்ணுங்கள், கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பிரேக் ஒயில் எங்கோ கசிகிறது; பிள்ளைகளை ஏற்றப் போகிற வண்டியில் இதைத் திருத்தாமல் ஒரு நாளும் ஓடக்கூடாது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள், பின்னால் டொக் டொக் என்று அடித்தால் ஷொக் அல்லது புஷ். வட்டமாகத் திருப்பும்போது பின் சக்கரப் பக்கம் கட கட என்றால் எக்ஸல். ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய இடத்தில் கொஞ்சம் பொறுத்து, கீழே ஒயில் சொட்டுகிறதா பாருங்கள்.

படி 8: விலை

அதே மொடல், அதே ஆண்டு, அதே மாவட்டம், இப்படிப் பத்து விளம்பரத்தை எடுத்து நடு விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் பேச்சைத் தொடங்கும் இடம். கண்ட குறைகளுக்குக் கராஜில் செலவு கேட்டு, தாளில் எழுதி, அதைக் காட்டிக் குறையுங்கள். "அண்ணே, டயர் இரண்டும் போட வேணும், ஷொக் மாத்த வேணும், இவ்வளவு வருது, நீங்களே பாருங்கோ" என்றால் பேச்சு மரியாதையாக நடக்கும். சும்மா குறையுங்கள் என்றால் சும்மாதான் மறுப்பார்கள். எஞ்சின் குறைக்கு விலை குறைத்து வாங்கலாம், பொடி உக்கினதற்கும் புக் சிக்கலுக்கும் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுத்தால் வண்டி இலக்கம், சசி நம்பர், மொத்த விலை, எந்தத் திகதிக்குள் முடிப்பது, முடியாவிட்டால் காசு திரும்புமா என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள், அதுவும் புக்கில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே.

படி 9: பெயர் மாற்றம்

மாற்றப் படிவமான எம்.ரீ.ஏ 6, விற்றவர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் எம்.ரீ.ஏ 8, மூலப் புக், இரண்டு பேரின் அடையாள அட்டைக் கொப்பி, இவை முக்கியம். 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும், தாமதித்தால் தண்டப்பணம். விற்கிறவரிடமும் எம்.ரீ.ஏ 8 அனுப்பச் சொல்லுங்கள், அது அவருக்கும் பாதுகாப்பு. இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் ஓட்டும்போது ஏதும் நடந்தால் பொலிஸ் போய் நிற்பது அவர் வீட்டு வாசலில். அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், காசு கைமாறின வாரத்திலேயே போங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது பிரைவேட் பாவனை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதோடு பிறகு ஒரு நாள் தெரிந்தவருக்கு ஹயர் ஓடக் கொடுத்து அப்போது விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். மூன்றாம் தரப்பு மட்டும் போதும் என்று சட்டம் சொன்னாலும், குடும்ப வண்டிக்கு முழுக் காப்புறுதிதான் நல்லது என்பது என் எண்ணம்.

முதல் வாரம்

விற்றவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்றாலும் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். பிளக், காற்று பில்டர், கிளட்ச் கேபிள், எக்ஸிலேட்டர் கேபிள் நான்கும் புதிதாகப் போடுங்கள், பழைய கேபிளில் நல்லதாக இருக்கிற ஒன்றைச் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் அறுந்தால் கைகொடுக்கும். பிரேக் சூவை மூன்று சக்கரத்திலும் கழற்றித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிரேக் ஒயிலையும் மாற்றச் சொல்லுங்கள். ஹூட் துணியில் கிழிசல் இருந்தால் குஷன் கடையில் கொடுத்து மழைத் திரையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள், ஒக்டோபர் மழை தொடங்கினால் அங்கே கூட்டம்.

மூன்று சக்கரமும் ஒரே அளவு என்பதால் ஸ்டெப்னி ஒன்று எதற்கும் பொருந்தும், ஆனால் அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கும் சக்கர ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் ஓட்டப் போகிற இரண்டு பேரும் ஒருமுறை சக்கரத்தைத் தாங்களே கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.